அரிசிச் சாக்கும் அத்தையின் சவுரியும்: ஃப்ளைக்கு இழை தேடிய நான்கு மாதம்

போன ஞாயிறு காலை ஏழே முக்கால் மணிக்கு, பெங்களூரு கனகபுரா சாலைப் பக்கம் நண்பரின் தோட்டத்துக் குட்டையில், விரால் ஒன்று என் ஃப்ளையைக் கவ்விக்கொண்டு அல்லிக்கொடிக்குள் பாய்ந்தது. இழுத்துக் கரைக்குக் கொண்டுவந்து எடை போட்டேன், 850 கிராம். முள்ளைக் கழற்றித் திரும்ப விட்டேன். விராலில் இது ஒன்றும் பெரிய சாதனை இல்லை. ஆனால் அந்த ஃப்ளையின் நடுத்தண்டு 26 கிலோ சோனா மசூரி சாக்கிலிருந்து உருவியது. முதுகு என் மாமியார் கழித்துப்போட்ட சவுரி. வயிறு பொம்மை தைக்கிற துணி. இந்தக் கலவைக்கு வந்து சேர நான்கு மாதமும் 2,095 ரூபாயும் ஆனது. அதில் ஒரு பகுதி தப்பான வழியில் போனது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மண்புழு, மாவு உருண்டை எதுவும் வைக்காமல், முள்ளின் மேல் இழையும் இறகும் கட்டிச் செய்யும் பொய்யிரைதான் ஃப்ளை. பெயர்தான் ஈ, நான் கட்டுவதெல்லாம் குஞ்சு மீன் சாயல். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டு தங்கூஸை இழுத்துக்கொண்டு பறக்கும். இதில் லைன்தான் கனம், ஃப்ளை அதன் பின்னால் சும்மா போகிறது. அதனால் பறக்கும்போது எடையே இருக்கக் கூடாது, தண்ணீருக்குள் போனதும் விரல் தண்டி மீன் மாதிரி தெரிய வேண்டும். தலைவலி முழுக்க இங்கேதான்.

வெளிநாட்டில் இதற்கென்றே செயற்கை இழை விற்கிறார்கள். பென்சில் தண்டிக் கற்றை ஒரு பாக்கெட்டில் வரும். வரி, தபால் செலவு எல்லாம் சேர்ந்து என் கைக்கு வரும்போது ஒரு நிறம் 900 ரூபாய். குறைந்தது மூன்று நிறம் வேண்டும். இயற்கை முடிக்குப் போகலாம் என்றால், 1980களில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பாப் கிளவுசர் கட்டிப் புகழ்பெற்ற மினோ ஃப்ளைக்கு மான் வால்முடிதான் மூலப்பொருள். இங்கே மான் முடி என்று வாயெடுத்தால் 1972ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வந்து நிற்கும், நிற்கவும் வேண்டும். ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்கள் சால்மன் ஃப்ளைக்கு உயிரை விட்டுத் தேடிய புள்ளி இறகு நம் தென்னிந்தியக் காட்டுச் சாம்பல் கானக்கோழியின் கழுத்திலிருந்து போனதுதான். அந்தப் பறவை பட்ட பாடு போதும். பிளாஸ்டிக் போதும் எனக்கு.

முதல் தப்பு: கம்பளி நூல்.

அவென்யூ ரோட்டை ஒட்டிய சந்துகளில் ஸ்வெட்டர் பின்னும் நூல் உருண்டை 90 ரூபாய்க்குக் கிடைத்தது. பெயர்தான் கம்பளி, பொருள் அக்ரிலிக். 10 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, முறுக்கைப் பிரித்து, பேன்சீப்பால் வாரினால் மேகம் மாதிரி விரிகிறது. வெள்ளையும் சாம்பலும் வைத்து மூன்று ஃப்ளை கட்டினேன். மேசைமேல் வைத்துப் பார்த்தால் அவ்வளவு அழகு. போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன்.

குட்டையில் முதல் வீச்சு பரவாயில்லை. இரண்டாவது வீச்சில் ஃப்ளை நனைந்த கரித்துணி மாதிரி தொங்கியது. வீசும்போது காதுக்குப் பின்னால் 'தொப்' என்று ஒரு சத்தம், கழுத்தில் தண்ணீர் சொட்டுகிறது. தூக்கிப் பார்த்தால் மீன் உருவமே இல்லை, எலிவால் மாதிரி ஒட்டிப்போய்விட்டது. மூன்று ஃப்ளையும் அப்படியே. காய்ந்தபின் சிக்குப் பிடித்து, சீப்பில் பாதி இழை கையோடு வந்தது.

பூனைமுடிபோல மெத்தென்று இருந்தால் நல்ல இழை என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். மெத்தென்று இருப்பதற்குக் காரணமே இழைகள் மெலிதாக, சுருண்டு, ஒன்றோடொன்று பின்னி இருப்பதுதான். அந்த இடுக்கெல்லாம் தண்ணீர் போய் உட்கார்ந்துகொள்ளும். இழை தண்ணீரைக் குடிக்க வேண்டும் என்றுகூட இல்லை, இடுக்கு இருந்தால் போதும்.

அடுத்தது நேர் எதிர்ப்பக்கம் போனேன். ஹார்ட்வேர் கடையில் கொடி கட்டுகிற பளபளப்பான நீலக் கயிறு, 5 மீட்டர் 60 ரூபாய். கடைக்காரருக்கும் நமக்கும் அது நைலான் கயிறு. வீட்டுக்கு வந்து பிரித்து ஒரு இழையைத் தம்ளர் தண்ணீரில் போட்டேன், மிதக்கிறது. விரலால் அமுக்கி விட்டாலும் மேலே வருகிறது. நைலான் மிதக்காது. அதன் அடர்த்தி 1.14, தண்ணீரைவிடக் கனம். மிதந்தது பாலிப்ரொப்பிலீன், 0.91. இத்தனை வருஷம் நைலான் என்று துணி காயப்போட்டது பாலிப்ரொப்பிலீன் கொடியில். அது போகட்டும். அந்த இழை துடைப்பக் குச்சி மாதிரி விறைப்பு. ஃப்ளையாகக் கட்டினால் தண்ணீரில் ஆடவே இல்லை, பல் தேய்க்கிற பிரஷ்ஷை இழுத்துக்கொண்டு வருவதுபோல் வந்தது. ஒரு ஜிலேபிக் கெண்டைக் குஞ்சுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

இங்கேதான் நின்று யோசித்தேன். கண்ணால் பார்த்து, விரலால் தடவி வாங்கினால் இப்படியே பணம் போய்க்கொண்டிருக்கும். நகைக்கடையில் வைத்திருப்பதுபோல் 0.01 கிராம் வரை காட்டும் குட்டித் தராசு 380 ரூபாய்க்கு வாங்கினேன். மொத்தச் செலவில் உருப்படியானது இதுதான். முதலிலேயே வாங்கியிருக்க வேண்டும்.

சோதனை எளிது. ஒவ்வொரு இழையிலும் அரை கிராம், 9 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையை நூலால் கட்டிக்கொள்வது. ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த தண்ணீரில் ஒரு நிமிஷம் முக்கி, தூக்கி, மூன்று தரம் உதறி, தராசில் வைப்பது. சோப்பு எதற்கென்றால், புது இழையில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும், அதன் புண்ணியத்தில் முதல் முறை நனையாததுபோல் நடிக்கும். அக்ரிலிக் நூல் அரை கிராமிலிருந்து 3.4 கிராம் ஆனது. கயிற்று இழை 0.8. இந்த இரண்டுக்கும் நடுவில், கயிறு மாதிரி தண்ணீரை உதறுகிற, ஆனால் கயிறு மாதிரி விறைக்காத ஒன்று வேண்டும். என்ன தேடுகிறேன் என்று முதன்முறையாக எனக்கே புரிந்தது.

சவுரி யோசனை வீட்டில் தோன்றியது. அத்தை திருவள்ளூரிலிருந்து வந்திருந்தார். பழைய சவுரி ஒன்று அடி முடிச்சு அவிழ்ந்துபோய், குப்பையில் போடப் போனார். கேட்டு வாங்கினேன். "மாப்பிள்ளைக்கு எதுக்கு சவுரி?" என்று மகளைத்தான் கேட்டார், என்னைக் கேட்கவில்லை.

அரை கிராம் வெட்டி முக்கினேன். 1.2 கிராம். இழை நீளம், வழவழப்பு, நனைந்தாலும் தனித்தனியாக நிற்கிறது. உடனே ஞாயிற்றுக்கிழமை பார்க்காமல் நகரத்துப் பேட்டைக்குக் கிளம்பினேன். ஃபேன்ஸிக் கடைகள் நெருக்கியடிக்கும் ஒரு சந்தில் சவுரிக் கொத்து தொங்கவிட்டிருந்த கடை. நான் கன்னடத்தில் கேட்டேன், அவர் இந்தியில் பதில் சொன்னார், கடைசியில் இரண்டு பேரும் தமிழில் பேரம் பேசினோம்.

"மேடம் கலர் எப்படி சார், கருப்பா பிரவுனா?"

"மேடத்துக்கு இல்ல. மீனுக்கு."

அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. 150 ரூபாய் சொன்னார், குறைக்கவே மாட்டேன் என்றார். "ஒரிஜினல் சார்" என்று வேறு சொன்னார். எனக்குத் தேவை டூப்ளிகேட் என்று எப்படிச் சொல்வது? பேசாமல் வாங்கிவந்தேன்.

அன்று இரவு பால்கனியில் தீக்குச்சிச் சோதனை. ஜவுளிக்காரர்கள் செய்வதுதான். இடுக்கியில் இரண்டு மூன்று இழையைப் பிடித்துத் தீயில் காட்டி, எப்படி எரிகிறது, என்ன வாசம், மிச்சம் என்ன என்று பார்ப்பது. கயிறு உருகிச் சொட்டி, மெழுகுவத்தி வாசம் அடித்தது, பாலிப்ரொப்பிலீன்தான். கம்பளி நூல் சடசடவென்று எரிந்து கரகரப்பான கருப்பு உருண்டை ஆனது, அக்ரிலிக். அத்தையின் சவுரி சுருங்கியது, கருகியது, தீயை எடுத்ததும் தானாக அணைந்துவிட்டது. தலையில் வைக்கிற பொருள் என்பதால் அணைகிற மாதிரிச் செய்த மோடக்ரிலிக் என்ற செயற்கை இழை வகை என்று எடுத்துக்கொண்டேன். நகரத்துப் பேட்டை சவுரியைக் காட்டினேன். பொசுங்கியது. தெருவுக்கே முடி கருகும் வாசம். உள்ளேயிருந்து மனைவி, "ஏங்க, யார் தலையில பத்த வெச்சீங்க?" என்றாள். பாதி இழை நிஜ மனிதமுடி. வாழ்க்கையில் ஒரே ஒருமுறை போலியைத் தேடிப் போனேன், அன்றைக்குப் பார்த்து அசல் தருகிறார்கள். மனிதமுடி நனைந்ததும் துவண்டு ஒட்டிக்கொள்கிறது, 2.6 கிராம். அந்த 150 போனது. ஆக, கணக்கில் எனக்கு மிஞ்சியது அத்தையின் ஒற்றைச் சவுரிதான். ஆனால் அதில் 60 ஃப்ளை கட்டலாம்.

பின்னி வைத்திருந்ததால் அதில் அலை அலையாகச் சுருக்கம். நிமிர்த்த, கொதித்து இறக்கிய தண்ணீரில் கற்றையை ஐந்து விநாடி முக்கி, இரண்டு முனையிலும் துணிக்கிளிப் போட்டு இழுத்துத் தொங்கவிட்டேன். பெங்களூரு 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும், அது போதுமாக இருந்தது. ஆறியபின் நேராக நின்றது.

சரி, சவுரியிலேயே முழு ஃப்ளையும் கட்டினால்? கட்டினேன். தண்ணீரில் அருமையாக நெளிந்தது. ஆனால் மூன்று வீச்சுக்கு ஒருமுறை வால் பின்னால் போய் முள் வளைவைச் சுற்றிக்கொண்டது. சுற்றிக்கொண்ட ஃப்ளை நண்டு மாதிரி பக்கவாட்டில் வரும், எந்த மீனும் தொடாது. அதோடு ஒவ்வொரு தரமும் இழுத்துப் பார்த்து, விடுவித்து, மறுபடி வீசி. காலை இரண்டு மணி நேரத்தில் உருப்படியாகத் தண்ணீரில் இருந்தது அரை மணி நேரம்தான். முள்ளை ஒட்டி முதல் இரண்டு சென்டிமீட்டருக்குள் ஏதாவது விறைப்பாக நின்று, மேலே இருக்கும் மெல்லிய இழையைத் தாங்க வேண்டும். பாவாடைக்கு உள்ளே கஞ்சி போட்ட துணி கொடுத்துத் தைப்பார்களே, அதுபோல.

கயிற்று இழை அதற்கு ரொம்பத் தடிமன். அப்போதுதான் சமையலறை மூலையில் காலியான அரிசிச் சாக்கு கண்ணில் பட்டது. அதுவும் பாலிப்ரொப்பிலீன்தான், ஆனால் இழையாக இல்லை, பட்டை பட்டையாக நெய்திருப்பார்கள். ஒரு பட்டையை உருவிப் பார்த்தேன், அகலம் இரண்டரை மில்லிமீட்டர். அந்தப் பட்டையை நீளவாக்கில் இழுத்தே செய்கிறார்கள் என்பதால் நீளத்துக்கு லேசாகக் கிழியும், குறுக்கே கிழியாது. குண்டூசியால் ஒரு கோடு கீறி இழுத்ததும் மயிர்மயிராகப் பிரிந்தது.

செய்முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், நான் அதிகம் திணறியது இங்கேதான். சாக்கின் ஓரத் தையலை வெட்டி எடுத்துவிட்டு, அச்சடிக்காத வெள்ளைப் பக்கமாக 20 சென்டிமீட்டர் சதுரத் துண்டு வெட்ட வேண்டும். ஒரு ஓரத்திலிருந்து பட்டைகளை ஒவ்வொன்றாக உருவலாம், உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிற சாக்கு என்றால் உருவ வராது, அதை விட்டுவிடுங்கள். பத்துப் பட்டையைச் சேர்த்து ஒரு முனையைப் பலகையில் கிளாம்ப் போட்டு இறுக்கி, உலோகப் பேன்சீப்பால் மறுமுனையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வாரிக்கொண்டே வரவேண்டும். முதலிலேயே நடுவில் சீப்பை வைத்து இழுத்தால் எல்லாம் கொத்தாக அறுந்து வரும், எனக்கு முதல் இரண்டு கட்டு அப்படித்தான் போனது. இருபது முப்பது தடவை வாரினால், பட்டை போய் மெல்லிய, கொஞ்சம் விறைப்பான, கிளைகிளையாகப் பிரியும் இழை கிடைக்கிறது. சீப்பு 40 ரூபாய், பிளாஸ்டிக் சீப்பு பல் உடைந்துவிடும்.

வார வார மின்னூட்டம் ஏறி, இழை சட்டையில், கையில், மூக்கில் எல்லாம் ஒட்டிக்கொள்கிறது. சலவைக்குக் கடைசியில் ஊற்றும் வாசனைத் திரவம் ஒரு மூடியை அரை லிட்டர் தண்ணீரில் கலந்து, சீப்பை அதில் நனைத்து வாரினேன். அடங்கியது. ஒரு சாக்கு முழுக்கப் பிரித்தால் எத்தனை ஃப்ளைக்கு வரும் என்று கணக்குப் போடவே இல்லை, நான் சாகும்வரை வரும்.

மடிப்பு விழுந்த இடத்தில் இழை முறிந்து நின்றது. இஸ்திரிப் பெட்டியால் ஒரு தேய் தேய்த்தால் சரியாகிவிடும் என்று ஒரு புத்திசாலித்தனம். பெட்டி காலையில் என் பருத்திச் சட்டைக்கு வைத்த சூட்டிலேயே இருந்தது. பாலிப்ரொப்பிலீன் 160 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே உருகும், பருத்திச் சூடு 200ஐத் தொடும். இழை இழையாக இருந்தது ஒரு நொடியில் கண்ணாடி மாதிரித் தகடாகிப் பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டது. சுரண்டி எடுக்க ஒரு மாலை ஆனது. வீட்டில் கேட்ட வசவை இங்கே எழுத வேண்டாம். சவுரிக்குச் செய்த அதே வெந்நீர் வைத்தியம் இதற்கும் போதுமானது, புதிதாக ஒன்றும் யோசித்திருக்க வேண்டியதில்லை.

சாயம் ஏற்றவும் முயன்றேன். பொடிச் சாயம் இரண்டு பாக்கெட், ஆலிவ் பச்சையும் பழுப்பும், 40 ரூபாய். உப்பு போட்டு அரை மணி நேரம் கொதிக்க வைத்தேன். கை, கரண்டி, அடுப்பு மேடை எல்லாம் பச்சை, சாக்கு இழை மட்டும் பால்வெள்ளை. அந்தப் பிளாஸ்டிக்கில் சாயம் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லையாம். நைலானாக இருந்தால் வினிகர் போட்டு அமிலச் சாயத்தில் பிடித்திருக்கும். கடைசியில் அழியாத மார்க்கர் பேனா மூன்று, 150 ரூபாய். கட்டி முடித்த ஃப்ளையின் முதுகில் இழைத்துவிட்டு ஒரு இரவு காய விட்டால் ஆறு ஏழு மீன்வரை தாங்குகிறது. உண்மையில் தண்டு வெள்ளையாகவே இருக்கலாம். முதுகுக்கு சவுரியின் கருப்பு இருக்கிறது, குஞ்சு மீனும் மேலே கருப்பு கீழே வெள்ளைதானே.

வயிற்றுக்குத்தான் மெத்தென்ற பொருள் வேண்டியிருந்தது. பொம்மை தைக்கிற ஃபர் துணி, முடி நீளம் 6 சென்டிமீட்டர், கால் மீட்டர் 140 ரூபாய். இதை வெட்டுவதில் ஒரு சூட்சுமம். கத்தரியால் வெட்டினால் முடியும் சேர்ந்து வெட்டுப்படும். துணியைக் கவிழ்த்து, பின்பக்கத் துணியை மட்டும் பிளேடால் கீற வேண்டும், ஷேவிங் பிளேடு போதும். பின் ஒரு சிட்டிகை முடியை வேரோடு நறுக்கி, அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வாரினால் உள்ளே இருக்கும் குட்டைப் பஞ்செல்லாம் உதிர்ந்துவிடும். அதை எடுக்காமல் கட்டினால் மறுபடி அக்ரிலிக் நூல் கதைதான். பஞ்சு எடுக்கும்முன் 2.3 கிராம், எடுத்தபின் 1.6.

பளபளப்புக்கு ஜிகினா. விநாயகர் சதுர்த்தி அலங்காரத்தில் மிஞ்சிய வெள்ளித் தோரணம் 10 ரூபாய்க்குக் கிடைத்தது. அரை மில்லிமீட்டர் அகலத்தில் நறுக்கினால் இறக்குமதிச் சரக்குக்கும் இதற்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. சவுரிக் கடை அனுபவத்தால் இதையும் சோதித்தேன், சலவைத்தூள் கரைசலில் ஒரு இரவு. காலையில் வெள்ளியைக் காணோம், கண்ணாடிபோலத் தெளிந்த பிளாஸ்டிக் மட்டும் மிதக்கிறது. மேலே இருந்தது மெல்லிய அலுமினியப் பூச்சு, காரம் பட்டால் கரைந்துவிடும். பயந்துபோனேன். பிறகு வெறும் தண்ணீரில் ஒரு வாரம் போட்டதில் ஒன்றும் ஆகவில்லை. குட்டைத் தண்ணீரில் சலவைத்தூள் இல்லை. ஆக, ஜிகினா பாஸ். ஃப்ளையைக் கழுவும்போது மட்டும் சோப்பு கூடாது.

இனிக் கட்டுவது. முள் 1/0 அளவு, 20 முள் 320 ரூபாய். நூல் எம்ப்ராய்டரி மெஷின் நூல், 120 டெனியர் இரட்டைப் புரி பாலியஸ்டர், ஒரு கண்டு 25 ரூபாய் வீதம் மூன்று. தையல் நூலைவிட மெலிது, தட்டையாக உட்கார்கிறது. கண்ணுக்குச் சாவிக்கொத்தில் வரும் குண்டுச் சங்கிலி, 10 ரூபாய், இரண்டிரண்டு குண்டாக நறுக்கிக்கொள்ளலாம். முள் தண்டின் மேலே அதை எட்டு வடிவில் கட்டினால் அந்தக் கனத்தில் முள் தலைகீழாகத் திரும்பிப் பயணிக்கும், அல்லிக்கொடியில் அவ்வளவாகச் சிக்காது.

முதலில் சாக்கு இழை, ஏறத்தாழ 40, 8 சென்டிமீட்டர். ஒரே நீளத்தில் வெட்டிக் கட்டினால் வெள்ளையடிக்கிற மட்டை மாதிரி முடியும். கற்றையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, பாதியை முன்னே தள்ளிச் சேர்த்து, மறுபடி இழுத்து, இப்படி நாலைந்து முறை செய்தால் முனை வால்போல் மெலிந்து வரும். அதன்மேல் ஃபர் முடி ஒரு சிட்டிகை, இரண்டு பக்கமும் ஜிகினா இரண்டிரண்டு இழை, எல்லாவற்றுக்கும் மேல் சவுரி 30 இழை, 9 சென்டிமீட்டர். ஒவ்வொரு அடுக்குக்கும் ஐந்தாறு சுற்று, அதற்குமேல் வேண்டாம், தலை பருத்துவிடும். கடைசியில் நகை வேலைக்கு விற்கும், புறஊதா ஒளியில் இறுகும் யுவி பசை ஒரு சொட்டு, குட்டி டார்ச்சில் ஒரு நிமிஷம். பசையும் டார்ச்சும் 450, எல்லாவற்றிலும் விலை அதிகம் இதற்குத்தான். நகப்பூச்சே போதும் என்று இப்போது தோன்றுகிறது. முடிவெட்டும் அண்ணனிடம் கேட்டு அவர் வாங்குகிற இடத்திலேயே பல் வைத்த கத்தரி வாங்கினேன், 180. ஓரங்களை அதால் மெலித்தேன்.

முழு ஃப்ளை காய்ந்து 1.1 கிராம், நனைத்து உதறினால் 1.9. கம்பளி நூலில் கட்டியது நனைந்தபின் 4.7 இருந்தது. ஒரு ஃப்ளைக்குச் செலவு 27 ரூபாய், அதில் 16 முள்ளுக்கு.

குட்டை பற்றிச் சொல்ல அதிகமில்லை. நகரத்து ஏரிகளில் மீன் குத்தகை யாரிடமாவது இருக்கும், கேட்காமல் தூண்டில் போட முடியாது. காவிரிக் கரைக் காடு சரணாலயம், அந்தப் பேச்சே வேண்டாம். அதனால் நண்பரின் 30 மீட்டர் குட்டைதான் எனக்குச் சோதனைச்சாலை. போன ஞாயிறு 60 வீச்சு எண்ணிப் போட்டேன். வால் சுற்றியது நான்கு முறை. ஜிலேபி இரண்டு துரத்திவந்து திரும்பின, விரால் மூன்று முறை அடித்தது, ஒன்று மாட்டியது. விராலின் பல் தலைப்பக்க நூலைப் பாதி அறுத்திருந்தது. இழை எதுவும் போகவில்லை.

அடுத்த முறைக்குச் சில. சாக்கு இழையை 40லிருந்து 25ஆகக் குறைக்க வேண்டும், வால் ஆட்டம் இன்னும் கொஞ்சம் விறைப்புதான். நூல் தலையில் பசையை இரண்டு பூச்சாகப் போட வேண்டும். வாரும்போது உதிரும் துகளெல்லாம் காற்றில் பறந்து பால்கனி வழியாகப் போவதைப் பார்த்தபின், இப்போது ஈரத்துணி விரித்து அதன்மேல்தான் வாருகிறேன், துகளை மூடிபோட்ட டப்பாவில் சேர்க்கிறேன். கரையில் நறுக்கிய துண்டுகளையும் பையில் போட்டுக்கொண்டு வரவேண்டும், முதல் மாதம் அதைச் செய்யவில்லை. பழவேற்காட்டில் கொடுவாவுக்கு 14 சென்டிமீட்டரில் ஒன்று கட்டிப் பார்க்கும் எண்ணமும் இருக்கிறது, அதற்குச் சாக்குப் பட்டையை இன்னும் நீளமாக உருவ வேண்டும்.

அந்த 2,095 ரூபாயில் ஒன்று மட்டும் சேரவில்லை. விரால் போட்டோவைப் பார்த்த அத்தை, மீனை விட்டுவிட்டு ஃப்ளையைப் பெரிதாக்கிப் பார்த்து, "இது என் சவுரி இல்ல?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். புதுசு ஒன்று வாங்கித் தரச் சொல்லியிருக்கிறார். அவருக்கு வேண்டியது ஒரிஜினலாம்.